ஃபிர்தௌஸ் மிஸ்ஸும் ஒன்றேகால் மணி மின்தடையும்

ஃபிர்தௌஸ் எங்கள் பள்ளிக்கு வந்து ஆறு வருஷமாகிறது. மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளி. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்பிரிவுக்கு மின்சாரப் பாடம் எடுக்கிறார், பகுதிநேர ஆசிரியராக. நான் அங்கே இயற்பியல் ஆசிரியன். பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்களை அந்தப் பிரிவுக்குத் தள்ளிவிடும் வேலையை வருஷாவருஷம் செய்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பிள்ளைகளுக்குக் கை ஓடும், மூளை ஓடாது என்று நம்பியிருந்தேன்.

இங்கே வருவதற்கு முன் ஃபிர்தௌஸ் ஒரு இன்வெர்ட்டர் கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்த்தவர். தி.நகரில் ஒரு வீட்டுக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் பேட்டரியை மாற்றினாராம். பேட்டரிதான் கோளாறு என்று மேலதிகாரி சொல்லியிருந்தார், இவரும் சோதிக்காமல் நம்பியிருந்தார். நான்காவது முறை போனபோதுதான் ஒரு ஒயர் கழன்றிருப்பது கண்ணில் பட்டது. அந்த வீட்டுக்காரப் பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் வகுப்பில் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருப்பார். ஒரு பக்கம் ‘பார்த்தது’, இன்னொரு பக்கம் ‘நினைத்தது’. மாணவர்கள் என்ன சொன்னாலும் அது எந்தப் பக்கம் என்று அவர்களே எழுந்து போய் எழுத வேண்டும். ‘மோட்டார் சுடுகிறது’ இந்தப் பக்கம். ‘உள்ளே கம்பிச் சுருள் கருகியிருக்கும்’ அந்தப் பக்கம். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஆசிரியர் அறையில் சிரித்திருக்கிறோம்.

போன வருஷம் ஜூலையில் பள்ளிக்கூடத்தின் டிரிப்பர் விழ ஆரம்பித்தது. எங்காவது மின்கசிவு இருந்தால் தானாக இறங்கி மொத்தக் கட்டடத்துக்கும் கரண்டை நிறுத்திவிடும் ஸ்விட்ச் அது. தினமும் ஒன்றேகால் மணி வாக்கில் விழும். தூக்கிவிட்டால் சற்று நேரத்தில் மறுபடி விழும். எலக்ட்ரீஷியன் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், ஒருவர் டிரிப்பரையே புதிதாக மாற்றினார். நிற்கவில்லை. மத்தியான முதல் பீரியடில்தான் தொழிற்பிரிவுக்குச் செய்முறை வகுப்பு. தலைமையாசிரியர் அவர்களுடைய பட்டறையைப் பூட்டச் சொல்லிவிட்டார்.

பூட்டிய அன்றைக்கும் ஒன்றேகாலுக்கு விழுந்தது. பட்டறைக்குள்ளே ஒயரிங்கே கெட்டிருக்கும், பூட்டினால் மட்டும் சரியாகிவிடுமா என்றார் தலைமையாசிரியர். சாவி அவர் மேஜையிலேயே கிடந்தது.

வகுப்பில் பதினொரு பேர். ஹம்மாத் என்ற பையன் கோபத்தில் எழுந்து, நாங்கள் எதுவுமே செய்யவில்லை மிஸ் என்றான். இதை எந்தப் பக்கம் எழுதுவாய் என்று கேட்டாராம் ஃபிர்தௌஸ். கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு ‘நினைத்தது’ பக்கம் போய் எழுதினானாம். அன்றிலிருந்து அவர்கள் பட்டியல் எடுத்தார்கள். எத்தனை மணிக்கு விழுந்தது, அப்போது சமையலறையில் கிரைண்டர் ஓடியதா, தண்ணீர் மோட்டார் ஓடியதா, எந்த அறையில் எத்தனை ஃபேன் சுற்றியது. எட்டு நாள் எழுதினார்கள். அதில் இரண்டு நாள் டிரிப்பர் விழவே இல்லை. அந்த இரண்டு நாளும் கிரைண்டர் ஓடியிருக்கிறது, மோட்டாரும் ஓடியிருக்கிறது.

அந்தப் பட்டியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் லாவண்யா. பட்டினப்பாக்கத்துப் பெண், அம்மா அங்கே மீன் கடை போட்டிருக்கிறார். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

“மிஸ், அந்த ரெண்டு நாளும் கடல்காத்து வரல. மேக்க இருந்து வர்ற கரைக்காத்துதான் சாயங்காலம் வரைக்கும்.”

“நீ பார்த்தியா?”

“அம்மா சொன்னாங்க. கடையில புழுக்கம் தாங்கலன்னு ரெண்டு நாளும் திட்டிக்கினு இருந்தாங்க.”

காற்றுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். ஃபிர்தௌஸ் சிரிக்கவில்லை. இதை எப்படிச் சோதிக்கலாம் என்று மட்டும் கேட்டார். பதிலையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். மாடி வராண்டா கம்பியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டினார்கள். நாலு நாள் பார்த்தார்கள். நாலு நாளும் கிழக்கிலிருந்து காற்று வந்து ரிப்பன் மேற்கே பறக்க ஆரம்பித்த சில நிமிஷங்களில் டிரிப்பர் விழுந்தது.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. ஒரு மணிக்கு ரிப்பன் துவண்டு தொங்கியது. ஃபிர்தௌஸ் தலைமையாசிரியரை வராண்டாவுக்கு அழைத்து வந்தார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். இன்றைக்கு ஒன்றேகாலுக்கு விழாது, காற்று எப்போது வருகிறதோ அப்போதுதான் விழும் என்று லாவண்யா எங்களிடம் சொன்னாள்.

ஒன்றேகால் ஆயிற்று. ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றரை, ஒன்றே முக்கால். தலைமையாசிரியர் வேலை இருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார். இரண்டு மணி தாண்டிப் பத்து நிமிஷத்தில் ரிப்பனின் நுனி லேசாகத் தூக்கியது. பிறகு முழுசாக எழுந்து மேற்கே நீட்டிக்கொண்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். நாலு நிமிஷம். கீழே மொத்தப் பள்ளியிலும் ஃபேன் சத்தம் அடங்கியது.

பதினேழு வருஷமாக நான் விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். உலகம் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று ஒரு பிள்ளை முன்கூட்டிச் சொல்லி, அது அப்படியே நடந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஃபிர்தௌஸ் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகே பிள்ளைகளை மொட்டை மாடிக்கு விட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்புக்குப் போகும் ஒயர், பிடித்திருந்த கிளிப் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கிழக்குக் காற்று அதைத் தள்ளித் தள்ளி இரும்பு ஏணியில் உரச வைத்திருக்கிறது. உறை தேய்ந்து நகக்கண் அளவுக்குச் செம்பு தெரிந்தது. மேற்குக் காற்று அடித்தால் ஒயர் ஏணியைத் தொடாமல் விலகி நிற்கும். அந்த ஏணியில்தான் தொட்டி கழுவுகிறவர் ஏறுவார்.

மறுநாள் பட்டறை திறந்தது. முதல் வேலையாக ஃபிர்தௌஸ் தன் நோட்டை எடுத்து, டிரிப்பர் விழக் காரணம் இதுதான் என்று முதல் வாரம் தான் நினைத்து எழுதிவைத்ததைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார். ‘சமையலறை கிரைண்டர்’ என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடும் போட்டிருந்தார்.

இந்த வருஷம் ஜூனிலும் அவருக்குப் பகுதிநேர வேலைதான். ஒரு வருஷத்துக்கு நீட்டித்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். லாவண்யா பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். போன மாதம் அவள் அம்மா முதல் தடவையாகப் பள்ளிக்கு, நேரே வகுப்பறைக்கே வந்தார்.

“இன்னா மிஸ் பண்ணி வச்சிகீறீங்க? வூட்ல நான் எதைச் சொன்னாலும் எம் பொண்ணு, நீ பாத்தியா, யாரு சொன்னாங்கன்னு கேட்டுக்கினே கீது.”

ஃபிர்தௌஸ் அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கடல் காற்று அன்றைக்கு வராது என்று காலையிலேயே தெரிந்துவிடுமா என்று கேட்டார். அந்த அம்மா முதலில் கூச்சப்பட்டார். பிறகு அலையின் நிறம், விடிகாலையில் மேகம் நிற்கும் இடம், வலைக்குப் போனவர்கள் திரும்பும் நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். பதினொரு பிள்ளைகளும் ஃபிர்தௌஸும் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றிருந்த நான் உள்ளே போய், ஹம்மாத்திடம் ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.