மந்திரியின் ஒரு பக்கப் பேச்சு

என் அப்பாவை வைத்துக்கொண்டு ஒரு வசனத்தை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்க முடியாது. நாடகத்தில் பபூன் வேஷம் கட்டி ஊரைச் சிரிக்க வைக்கிறவருக்கு இதுகூட வராதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். எங்கள் பக்கத்து நாடகங்களுக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும், பேச்சு அங்கேயே பிறக்கும். அப்பா வீட்டையும் அப்படித்தான் நடத்தினார். அம்மா பட்ட பாடு தனிக்கதை.

வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டச் சொல்லிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர் பரவைப் பள்ளியில் நான் ஆறாம் வகுப்பு. ஆண்டு விழாவுக்கு டீச்சர் எழுதிய நாடகமும் அதைப் பற்றித்தான். எனக்கு மந்திரி வேஷம். "மந்திரி, நம் கிணறுகள் ஏன் வற்றின?" என்று ராஜா கேட்பார், நான் ஒரு பக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ராஜாவின் கேள்வியை மட்டும் கேட்கும்படி அப்பாவிடம் தாளைக் கொடுத்தேன். "மந்திரி, நான் குளிக்கத் தண்ணி எங்கய்யா?" என்றார். மறுபடி கேட்கச் சொன்னால் கொட்டாவி விட்டார். அதற்கடுத்த தடவை ஒன்றுமே பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாள்ல உள்ளதக் கேளுங்கப்பா."

"ராசா மறந்துட்டா என்ன செய்வ தாயி?"

"அவன் மறக்க மாட்டான். டீச்சர் தோல உரிச்சிருவாங்க."

தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரிடம் ஒப்பித்தேன். சுவர் எவ்வளவோ மேல்.

விழாவில் ராஜா மறந்தான். மளிகைக்கடைக்காரர் மகன். பஞ்சு மீசையோடு சிம்மாசனத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தான், கூட்டத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். கேள்வி வராமல் பதிலை எப்படிச் சொல்வது? திரை மறைவில் டீச்சர் பல்லைக் கடித்தார். பின்வரிசையில் எவனோ சிரித்தான். ராஜாவுக்குக் கண் கலங்கி, மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது.

"தாகத்தில் மன்னருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊர்க் கிணறுகளிலும் இதே கதைதான் மன்னா" என்றேன். எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. கூட்டம் சிரித்தது. பயலுக்கு உயிர் வந்துவிட்டது. வந்த வேகத்தில், "அப்படியானால் வீடுதோறும் தொட்டி கட்டுங்கள்" என்று நேரே கடைசி வசனத்துக்குத் தாவிவிட்டான். திரை விழுந்தது, கைதட்டல் அடங்கவே இல்லை. என் ஒரு பக்கப் பேச்சு வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

வீடு வரைக்கும் அழுதேன். விழாவுக்கு வந்திருந்த அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட வந்தார்.

"அம்புட்டும் மனப்பாடமா இருந்துச்சுப்பா. ஒரு வரி சொல்ல விடல அவன்."

"நல்லா செஞ்ச தாயி. அவன் முகத்தப் பாத்துல்ல பேசுன."

முகத்தைப் பார்க்காமல் முதுகையா பார்ப்பார்கள்? பேச்சைப் பறிகொடுத்த பிள்ளையைப் பாராட்டுகிற அப்பா வேறு யாருக்கு வாய்ப்பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய நாடகத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ராஜபார்ட் வரத் தாமதமானால் அப்பாதான் பேசிப் பேசிக் கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பார். ஆள் வந்துவிட்டதாக ஆர்மோனியக்காரர் கண்ணைக் காட்டியதும், சிரிப்பு வெடிக்கப்போகிற இடத்திலேயே கதையை விட்டுவிட்டு, ஒரு கும்பிடு போட்டு இறங்கிவிடுவார். எதையும் முடிக்கத் தெரியாத மனிதர் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.