சங்கு ஊதாத தீவு

பரணில் சுருட்டிக் கிடந்த அப்பாவின் ஹோல்டால் படுக்கையை விரித்ததும் உப்பு வாடையோடு ஒரு பிடி வெள்ளை மணல் உதிர்ந்தது. அந்தமான் மணல். அந்தத் தீவு நன்றாயிருக்கட்டும்.

இப்போது இடித்துவிட்ட எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் பொழுது விடிவதே தொழிற்சாலைச் சங்கில்தான். முதல் சங்குக்கு அப்பா எழுவார், இரண்டாவதற்கு அம்மா டிபன் பாக்ஸை மூடுவாள், மூன்றாவதற்குள் அவர் சைக்கிள் தொழிற்சாலை கேட்டைத் தாண்டியிருக்கும். விடிந்தபின் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

நாலு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் எல்.டி.சி. பயணச் சலுகையில் மூன்று நாள் கப்பலிலும் பிறகு படகிலுமாகப் போய் இறங்கிய அந்தச் சின்னத் தீவில், தென்னைக்கும் அலைக்கும் நடுவே எங்களையும் விடுதிக் காவல்காரரையும் தவிர ஆளில்லை. அங்கேயும் அப்பா இரண்டு நாள் இருட்டோடு எழுந்து, ஷேவ் செய்து, சட்டையை இன் பண்ணி, ஷூ மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள், விடுதி வாசல் மணலில் விரித்த ஹோல்டாலில், வெயில் முழங்கால்வரை ஏறியும் வாய் திறந்து தூங்கினார். சிப்பி காட்ட ஓடிய என்னையும் தங்கையையும் அம்மா கைநீட்டித் தடுத்தாள்.

"சத்தம் போடாதீங்கடி. சங்கு ஊதினா அவரே எழுந்துப்பாரு."