ஆமாஞ்சாமி சொன்ன ஒரே ஒரு வேண்டாம்

எங்கள் தெருவில் சலூன் வைத்திருப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆமாஞ்சாமி என்றால்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் எதைச் சொன்னாலும் 'ஆமா' என்பார். மழை வரும் என்றால் ஆமா. வராது என்றால் அதற்கும் ஆமா. உங்கள் மாமியார் கொடுமைக்காரி என்றால் ஆமா. அடுத்த மாதம் அதே நாற்காலியில் அதே மாமியாரை நினைத்து நீங்கள் உருகினாலும் அவருக்கு ஆட்சேபணை இருக்காது.

இதை முதுகெலும்பில்லாத குணம் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன். கத்தியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். மறுத்துப் பேசினால் மனிதன் தலையை ஆட்டுவான், ஆடுகிற தலையில் கத்தி வைக்க முடியாது, அவ்வளவுதான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வக்கீலோடு ஏதோ வாதம் முற்றி, அவருடைய காது மடலில் ஒரு ஓரம் போய்விட்டதாம். வாதத்தில் ஜெயித்தது யார் என்று கேட்டேன். வக்கீல்தான் என்றார்.

சலூனில் இரண்டு நாற்காலிகள். இரண்டாவது அவருடைய தம்பிக்கு. தம்பி நல்ல வேலைக்காரன், குடிக்காதபோது. குடித்த காலத்தில் அவன் குடிக்காத நாள் எது என்று கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்த பிறகு, கடையில் முடி கூட்டும் வேலையை மட்டும் பார்த்தான். கை நடுக்கம் நின்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதை நம்பி முகத்தைக் கொடுக்கத் தெருவில் ஆளில்லை. அப்போதுதான் ஆமாஞ்சாமி தானே போய் அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணாந்து, கழுத்தைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து கடை திறந்ததும் முதல் சவரம் அண்ணனுக்கு, தம்பி கையால். கை ஆடினால் கழுத்துக்குத் தெரிந்துவிடும். வேறு விசாரணை எதுவும் கிடையாது. ஆபீசுக்கு ஓடும் அவசரத்தில் முதல் ஆளாக வந்து பெஞ்சில் இடம் பிடிக்கும் எனக்கு இது பழகிப்போன காட்சி. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் இருவரும் சேர்ந்தே போவார்கள். நேர்வழியில் ஒரு மதுக்கடை இருப்பதால், பின்தெரு வழியாகச் சுற்றித்தான் தம்பியை அண்ணன் கூட்டிப் போவார்.

இப்படி இருக்கும்போது, சலூனை ஒட்டிக் காலியாகக் கிடந்த இடத்தில் ஓட்டல் போட ஓர் அம்மா வந்தார். வரும்போதே பாத்திரங்களோடு வந்துவிட்டார், அதிலிருந்தே அவருக்கு எங்கள் தெருவைப் பற்றி எதுவும் தெரியாது என்று புரிந்தது. சாப்பாட்டோடு பீரும் வைனும் பரிமாற லைசென்ஸ் கேட்டிருப்பதாகக் கதவில் நோட்டீஸ் ஒட்டியதும் தெரு இரண்டாகப் பிளந்தது.

மருந்துக்கடைக்காரர் தலைமையில் ஒரு கோஷ்டி. ஒழுக்கம் கெடும், பெண்கள் நடமாட முடியாது, வண்டி நிறுத்த இடமிருக்காது என்றார்கள். கடைசியில் சொன்னதுதான் உண்மையான காரணம், ஆனால் அதைக் கடைசியில் சொல்வதுதான் மரியாதை. நானும் அந்தக் கோஷ்டிதான். என் வீட்டு வாசலில் இப்போதே யாரோ ஒரு புண்ணியவான் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறான். ஓட்டல்காரம்மாவுக்கு ஆதரவான கோஷ்டியோ, செத்துக் கிடக்கும் தெருவுக்கு நாலு பேர் வந்து போனால்தான் என்ன என்று கேட்டது.

இரண்டு கோஷ்டிக்கும் முடி வளரும். இரண்டும் சலூனுக்கு வந்தன, இரண்டுக்கும் ஆமா கிடைத்தது. பக்கத்துச் சுவர்க்காரரே நம் பக்கம் என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டு திரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்ததே இவர்கள்தான். ஆனாலும் தனக்குக் கிடைத்த ஆமா மட்டும் அசல் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

ஒருநாள் தம்பி டீ வாங்கப் போயிருந்தபோது, என் பின்னந்தலையில் வேலையாக இருந்த ஆமாஞ்சாமி, நான் எதுவும் கேட்காமலே வாயைத் திறந்தார்.

"இந்தச் சுவர் ரொம்ப மெல்லிசு சார். அந்தப் பக்கம் ஒரு டம்ளர் வச்சாலும் இங்க கேக்கும்."

தம்பியை நினைத்துத்தான் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது. இனிமேல் எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் மறுநாள் காலை வந்து சேருவது அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சாப்பாட்டோடு குடிப்பவர்கள் அளவாகத்தான் குடிப்பார்கள் என்றேன். ஆமா என்றார். கத்தரிக்கோல் மட்டும் கொஞ்ச நேரம் நகரவில்லை. இவ்வளவு மட்டமான ஆறுதலை நான் அதற்குமுன் யாருக்கும் சொன்னதில்லை.

லைசென்ஸ் விசாரணை நகராட்சி அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. விசாரிக்க வந்த கலால் அதிகாரிக்குச் சளி பிடித்திருந்தது. மருந்துக்கடைக்காரர் எழுந்து, குடியால் அழிந்த குடும்பங்களைப் பற்றிக் கண் கலங்கப் பேசினார். அவர் கடையில் இருமல் மருந்து யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் எங்கள் கோஷ்டித் தலைவராயிற்றே, கைதட்டினேன். பேச்சை முடிக்கும்போது, வேண்டுமானால் சலூன்காரரையே கேளுங்கள் என்று கையைக் காட்டினார். ஓட்டல்காரம்மா, நானும் அவரைத்தான் கேட்கச் சொல்ல இருந்தேன் என்றார்.

ஆமாஞ்சாமி எழுந்து நின்றார். கையில் சீப்போ கத்தியோ இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார்.

"லைசென்ஸ் குடுக்கலாமா?" என்று அதிகாரி கேட்டார்.

மருந்துக்கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துப்போய், கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள் என்று என் விலாவில் இடித்தார்.

"வேண்டாங்க" என்றார் ஆமாஞ்சாமி.

அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஏன் என்று கேட்டார் அதிகாரி. சத்தம் வரும் என்பதாலா என்றார், ஆமாஞ்சாமி இல்லை என்று தலையசைத்தார். வாடிக்கை குறையும் என்றா, அதற்கும் இல்லை. காரணம் இல்லாத ஆட்சேபணையைப் பதிவு செய்ய முடியாது என்று அதிகாரி மூக்கைச் சிந்தினார். காரணம் அங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதைச் சபையில் சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை.

தம்பியே எழுந்தான்.

"காரணம் நான்தாங்க. நான் குடிச்சு அழிஞ்சவன். இப்ப குடிக்கறதில்ல. பக்கத்துல வந்தா மறுபடி ஆரம்பிச்சிருவேன்னு அண்ணனுக்குப் பயம்."

மருந்துக்கடைக்காரர் மேலே மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஆனா என்னைக் காரணமா எழுதிக்காதீங்க சார். குடிக்கணும்னு இருந்தா கடை பக்கத்துல இருக்கணும்னு இல்ல. இவரு தினமும் என்னைச் சுத்தி கூட்டிட்டுப் போறாரே, அந்தப் பின்தெருவுலயும் ஒரு கடை இருக்கு. போர்டு இல்ல, அதனால இவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தினம் அதைத் தாண்டித்தான் போறோம்."

ஆமாஞ்சாமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை.

லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். வண்டிகளைப் பற்றி ஒரு நிபந்தனை போட்டார்கள், அதை யாரும் மதிக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது அண்ணனும் தம்பியும் நேர்வழியாகவே போனார்கள். சுற்றிப் போக இனிக் காரணமில்லை என்பதாலா, கால் வலியாலா என்று நான் கேட்கவில்லை.

ஓட்டல் திறக்கிற நாளன்று காலையில் வழக்கம்போல நான்தான் முதல் ஆள். தம்பி, அண்ணன் முகத்தில் நுரை தடவி, கன்னத்தை முடித்து, கழுத்துக்கு வந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கினார்கள். கண்ணாடியோடு கண்ணாடி மோதும் சத்தம் ஒவ்வொன்றாக, தெளிவாகக் கேட்டது. சுவர் மெல்லிசுதான்.

கத்தி நின்றது. ஆமாஞ்சாமி கண்ணைத் திறக்கவில்லை.

"பயமா இருக்காண்ணே?" என்றான் தம்பி.

"ஆமா."

"எனக்கும்."

அண்ணன் கழுத்தை இன்னும் கொஞ்சம் அண்ணாந்து கொடுத்தார்.