அம்மனுக்காகப் பிடுங்கிய கல்

கல்லைப் பிடுங்கியது நீங்கள்தான். திரும்ப நடுவதாகச் சொல்லி நடாமல் விட்டதும் நீங்கள்தான். உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கும் உங்கள் ஊருக்கு வந்து, ஆற்றுத் திருவிழாவை முன்னால் நின்று நடத்துகிறவர் யார் என்று கேட்டாலும், டிப்பர் லாரி வைத்திருப்பவர் யார் என்று கேட்டாலும், ஒரே வீட்டைத்தான் கைகாட்டுவார்கள்.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் தங்கைக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படி இல்லை, சின்ன வயதில் வந்த காய்ச்சலில் போனது. பேசுவாள். தன் குரல் தனக்கே தெரியாததால் சத்தமாகப் பேசுவாள். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முதுகுக்குப் பின்னால் இடியே விழுந்தாலும் தெரியாது. திண்டிவனத்தில் அவள் ஜாக்கெட் தைத்தாள், நான் அரிசி மில்லில் வேலை பார்த்தேன். தொண்ணூற்று மூன்றில் ஆளுக்கொரு பழைய சைக்கிள் வாங்கினோம். ஓட்டக் கற்றுக்கொள்வது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. ரோட்டில் ஓட்டுவதுதான் கஷ்டம். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்காது. அதனால் நாலு மிதி மிதித்ததும் திரும்பிப் பார்ப்பாள். திரும்பும்போது ஹேண்டில்பாரும் கூடவே திரும்பும். நான் அவளுக்குப் பின்னாலேயே போவேன். லாரி வந்தால் எட்டி மிதித்து முன்னால் போய்க் கையை ஆட்டுவேன். அது சைக்கிள் விடுவது இல்லை, காவல் வேலை.

கடைக்காரர் அவள் சைக்கிளுக்கு பெல் மாட்டும்போது, "எனக்கு எதுக்கு இது? அடிச்சா எனக்குக் கேக்கவா போது?" என்றாள்.

"உனக்கு இல்லடி, எதிர்ல வர்றவனுக்கு."

"அவனுக்குத்தான் என் தொண்டை இருக்குதே" என்று அவள் கத்தியதில் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

அந்தக் கரை எங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்தது. மயிலம் கோயிலில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்து பொழுது நிறைய மிச்சம் இருந்தது. வீடூர் அணை பக்கம்தான் என்று யாரோ சொன்னார்கள், பட்டுப்புடவையோடு மிதித்தோம். அணைக்குக் கீழே ஆற்றை ஒட்டி ஒரு மண்கரை போனது. அதன் தலைப்பில் கருங்கல் தூண்களை நெருக்கமாக ஊன்றியிருந்தார்கள். ஒரு மாடு நுழையலாம், ஒரு சைக்கிள் நுழையலாம், வண்டி எதுவும் நுழையாது. கரை கரையாமல் இருப்பதற்காக யாரோ அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. மறு முனையிலும் அப்படியே கல் உண்டு என்று அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள்.

தங்கை அந்தத் தூண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்போ உள்ள வண்டியே வராதா?"

"வராது."

"பின்னாலயிருந்து?"

"எங்கயிருந்தும் வராது."

ஏறி மிதித்தாள். நான் வழக்கம்போல அவளுக்குப் பின்னால் போனேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது: அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதற்கு முன்னால் ரோட்டில் அவள் முதுகு எப்போதும் விறைத்து, அடி விழப்போகிற மாட்டின் முதுகு மாதிரி இருக்கும். இப்போது தோள் இரண்டும் இறங்கிவிட்டன. ஒரு கையை விட்டாள். பிறகு இரண்டு கையையும் விட்டாள். பட்டுப்புடவை முந்தானை பின்னால் பறந்தது. நான் பார்த்துக்கொண்டே போனேன். இப்படி ஒருத்தி என் வீட்டில் இருந்தாள் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

அதிலிருந்து மில் லீவு விடுகிற நாளெல்லாம் அங்கேதான். கூட்டேரிப்பட்டு வரை நெடுஞ்சாலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவோம். அதற்குப் பிறகு சின்ன ரோடு, அப்புறம் கல், அப்புறம் கரை. ஒரு பக்கம் ஆறு. இன்னொரு பக்கம் நெல், நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை, கேப்பை, நடுநடுவே பனை. வடக்கே மயிலம் மலை கூடவே வந்துகொண்டிருக்கும். தை மாதக் காலையில் ஆற்றின் மேல் பனி படுத்திருக்கும். நாங்கள் அதற்குள் போனால் முன் சக்கரம் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறினால் துணியை உருவுவது போல அது விலகும். விலகின இடத்தில் நாரைகள் நத்தை பொறுக்கிக்கொண்டு நிற்கும், நாங்கள் பக்கத்தில் போனாலும் நகராது.

எனக்குக் காது இருந்தது, அதனால் நான் சரியாகப் பார்த்ததில்லை. அவள்தான் காட்டுவாள். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் மாதிரி விழும் மீன்கொத்தி. காற்று வருவதற்கு முன்னாலேயே நெல்லில் ஓடும் கோடு. ஒரு முறை அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு, மதகுச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். கன்னத்தையும் வைத்தாள். "அக்கா, இது இன்னா இவ்ளோ பேசுது!" என்றாள். நானும் கை வைத்தேன். சுவர் முழுக்க அதிர்ந்தது. அந்தச் சத்தத்தைக் காதால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அதற்கு இவ்வளவு பலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொரு முறை திருவக்கரை வரைக்கும் போனோம். அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பட்டை தெரிகிறது, கணு தெரிகிறது, வெட்டினால் வரும் வளையம் தெரிகிறது. தட்டினால் பாறை. எந்தக் காலத்திலோ வந்த வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து புதைத்ததாம். தங்கை ஒரு மரத்தின் மேல் விரலை வைத்து வளையத்தை எண்ணப் பார்த்தாள், முடியாமல் விட்டாள். வரும் வழியில், நாங்கள் மிதித்துப்போன மண்ணுக்குக் கீழே இன்னும் எத்தனை மரம் கிடக்கிறதோ என்ற நினைப்பில், மிதிக்கவே கொஞ்சம் பயமாக இருந்தது.

சும்மா சுற்றுகிறோம் என்று சொன்னால் கரையோரத்து ஊர்களில் யாரும் நம்பவில்லை. இரண்டு பொம்பளை, மூட்டை இல்லை, சாமான் இல்லை, வேர்த்து ஊற்ற சைக்கிளில் வந்தால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். களத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"யாரும்மா செத்துட்டாங்க?"

"யாரும் சாவல. சும்மா ஆத்தப் பார்த்துக்கினு போறோம்."

"ஆத்தையா? அதான் இங்கியே கெடக்குதே, அத இன்னாத்த பார்க்குறது?"

"அதான் பாக்கறோம்!" என்று தங்கை கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். மடி நிறைய மல்லாட்டை போட்டு அனுப்பினார்கள்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன்.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. உங்கள் ஊர் அம்மன் தீர்த்தவாரிக்கு அந்தக் கரை வழியாகத்தான் ஆற்றுக்கு வரும். தோளில் தூக்கி வருவார்கள். கல் வரும் இடத்தில் சாமி தூக்கும் தண்டைத் தலைக்கு மேல் உயர்த்தி, ஒவ்வொருவராக உள்ளே நுழைவார்கள், அம்மன் ஆடிக்கொண்டே கல்லைத் தாண்டும். அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும், நாங்களும் நின்றிருக்கிறோம். பிறகு தூக்குகிற ஆண்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். தோள் போதவில்லை. நெடுஞ்சாலை நாலு வழி ஆன பிறகு ஒரு தை மாதம், அம்மனை டிராக்டரில் ஏற்றுவது என்று முடிவு செய்தீர்கள். டிராக்டர் போகக் கல்லைப் பிடுங்கினீர்கள், இரண்டு முனையிலும். யார் கேட்பார்கள்? அம்மனுக்கு எதிராக எவன் வாய் திறப்பான்? "திருவிழா முடிஞ்சதும் நட்டுடலாம்" என்று மைக்கில் சொன்னீர்கள். என் தங்கைக்கு நான்தான் அதைத் திருப்பிச் சொன்னேன். அவளும் நம்பி விழுந்து கும்பிட்டாள்.

கல் அங்கேயே புல்லில் கிடந்தது. முதலில் மோட்டார் பைக் வந்தது. அப்புறம் உங்கள் டிப்பர் வந்தது, ஜல்லி ஏற்றிக்கொண்டு, குறுக்கு வழி என்று.

அன்றைக்கு அவள் முன்னால், நான் பின்னால். இரண்டு கையையும் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். சரிவோரம் ஒதுங்கிய என்னை டிப்பர் தாண்டியபோது ஹாரன் அடித்துக்கொண்டே போனது. நான் கத்தினேன். யாருக்காகக் கத்தினேன்? முன்னால் எட்டிப் போய்க் கையை ஆட்ட எனக்கு வழி இல்லை, கரை முழுக்க வண்டிதான். டிரைவர் கடைசி நொடியில் பிரேக் அடித்தார். வண்டி நின்ற அதிர்வு மண்ணில் பரவி அவள் சக்கரத்துக்கு ஏறியிருக்க வேண்டும், அப்போதுதான் திரும்பினாள். திரும்பினவள் சரிவில் உருண்டு நாணலில் விழுந்தாள்.

டிரைவர் இறங்கி ஓடி வந்தார். பயத்தில் திட்டினார். "அவ்ளோ ஹாரன் அடிக்கிறேன், செவிடா நீ?"

அவள் அவர் உதட்டைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

அந்த ஆளுக்கு முகம் செத்துப்போனது. அவரே சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள்மேல்தான்.

முழங்கை சிராய்ப்பு ஆறிவிட்டது. ஆனால் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள், அதற்குப் பிறகு ஏறவில்லை. நான் எவ்வளவோ கூப்பிட்டேன். "அங்கயும் இனிமே திரும்பித் திரும்பிப் பார்க்கணும்னா எதுக்குக்கா?" என்கிறாள்.

உங்கள் வீட்டுக்கு வந்தேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தீர்கள், அதை மறுக்கவில்லை. "வருஷா வருஷம் நட்டுப் பிடுங்கிக்கினு இருக்க முடியுமாம்மா? ஊர்க்காரங்களே கேக்கல. டவுன்ல இருக்கற உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்றீர்கள். அம்மனுக்கு அந்தக் கரை வருடத்துக்கு ஒரு நாள்தான் வேண்டும். மற்ற நாளெல்லாம் யாருக்கு வேண்டும் என்று நான் கேட்டதற்கு, போன் வருகிறது என்று எழுந்து போனீர்கள்.

இப்போது எல்லார் முன்னாலும் கேட்கிறேன். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு நானும் என் தங்கையும் வருவோம். அவள் முன்வரிசையில் உட்காருவாள். நீங்கள் எழுந்து நின்று, அம்மன் பேரைச் சொல்லித் திறந்த வழியில் உங்கள் லாரி ஏன் போகிறது என்று ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள். மைக்கை வாய்க்கு முன்னால் பிடிக்காதீர்கள், அவள் உங்கள் உதட்டைப் பார்க்க வேண்டும்.