இரும்பு தராதீங்க

உன்னிச்சையிலிருந்து பட்டணம் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் இருந்தார். மொட்டைத் தலை, குழிந்த கண்கள். மூளையில் கட்டி, அதில் சீழும் பிடித்து அடிக்கடி வலிப்பு வருகிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். உள்ளங்கைகளை மடியில் விரித்தே வைத்திருந்தார்.

"மனே, சென்றியில எனக்கு வலிப்பு வந்தா கையில இரும்பு தர விடாத. ஆமிக்காரன் ஆயுதமெண்டு சுட்டிருவான்."

வலிப்புக்கு இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"அப்ப என்ன செய்யிற?"

"உன்ட கையத் தா. நல்லா நசுங்கும், பாத்துக்க" என்று சிரித்தார்.

ஆமிக்காரரின் சென்றியில் சோதனைக்கு இறங்கி வரிசையில் நின்றபோது விழுந்தார். கைகால்கள் வெட்டி இழுத்தன. பின்னால் நின்ற பெண், "இரும்பக் குடுங்க!" என்று மடியிலிருந்து பாக்குவெட்டியை உருவினாள். துப்பாக்கிகள் நிமிர்ந்தன.

"கீழ போடுங்கக்கா!" என்று கத்திக்கொண்டு என் கையை அவரிடம் கொடுத்தேன். விரல்கள் நொறுங்குவது போலிருந்தது. பாக்குவெட்டி மணலில் விழுந்தது. வலிப்பு அடங்கும்வரை வரிசையில் யாரும் அசையவில்லை.

கண் திறந்தவர், "ஆருக்கும் வெடி பட்டதா மனே?" என்றார்.

"இல்ல ஐயா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பல ஊர் அலைந்துவிட்டேன். விழுந்து கண் திறந்ததும் மற்றவர்களைப் பற்றி விசாரித்த ஆளை வேறெங்கும் காணவில்லை.