ஒரு ஸ்பூன் கிரேன்காரி

அறுபது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டன் கணக்கில் இரும்பைத் தூக்கி இறக்குகிறவளுக்கு வயிறு மட்டும் பச்சைக் குழந்தை வயிறு. ஆண்டவன் அவள் கையைப் பார்த்துப் பார்த்துப் படைத்தவன், வயிற்றுக்கு வரும்போது தூங்கிவிட்டான் போல.

கூண்டிலிருந்து ஏணி வழியே இறங்கப் பதினைந்து நிமிஷம் ஆகும். வயிறு கலக்கினால் அதுவரை பொறுக்குமா? போன வருஷம் இரண்டு தடவை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு இறங்கி ஓடியிருக்கிறாள். சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை நடுவுல இறங்கினா, அப்புறம் கீழேயே இருந்துக்கலாம்மா." கீழே என்றால் செங்கல் அடுக்குகிற வேலை, பாதிச் சம்பளம். வாடகைக்கும் இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கும் அவள் சம்பளம்தான். கணவன் வீட்டிலேயே துணி தைக்கிறான், சமைத்தும் போடுகிறான். அவன் வருமானம் நூலுக்கும் ஊசிக்குமே சரியாகப் போகும்.

டாக்டர் ஏதோ சத்துமாவு டப்பா எழுதிக்கொடுத்தார். விலையைக் கேட்டதும் கடை வாசலிலேயே அவளுக்கு வயிறு கலக்கிவிட்டது. "இது நம்ம வயித்துக்கு இல்ல, அவங்க கல்லாப்பெட்டிக்கு" என்று திரும்பி வந்தவள், அன்றிலிருந்து தனக்குத் தானே டாக்டர்.

சந்தை மூடுகிற நேரமாகப் பார்த்துப் போவாள். கோணல் கேரட், பொடி உருளைக்கிழங்கு, தோல் கறுத்த வாழைப்பழம், எல்லாம் பாதி விலை. வேகவைத்தால் கோணல் யாருக்குத் தெரியும்? புதுசாக எதுவானாலும் லீவுக்கு முந்தின சாயங்காலம் ஒரே ஒரு ஸ்பூன். மறுநாள் மத்தியானம் வரை காத்திருப்பு. வயிறு சும்மா இருந்தால், சமையலறைக் கதவில் சாக்பீஸால் 'நல்லவங்க' என்ற வரிசையில் பேர் ஏறும். இல்லையென்றால் 'வம்புக்காரங்க'. முட்டை நல்லவங்க. பட்டாணி வம்பு. பருப்பு மூன்று தடவை பரீட்சை எழுதித்தான் தேறியது. "ஒரு ஸ்பூன் வந்தாச்சு!" என்று பெற்ற பிள்ளைகளே கிண்டல் செய்யும். செய்யட்டுமே! எட்டு மாசமாக அவள் ஒரு நாள்கூட நடுவில் இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மேல்தளத்துக்குக் கான்கிரீட். ஆரம்பித்தால் நிறுத்த முடியாத வேலை. மத்தியானம் லாரி மாறுகிற இடைவெளியில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். குப்பென்று வெண்ணெய் வாசனை. உருளைக்கிழங்கு மசியலின் மேல் தங்கமாக உருகிக் கிடந்தது. பெரிய வேலை, தெம்பாகச் சாப்பிடட்டும் என்று கணவன் செய்த காரியம். கதவில் எந்தப் பக்கமும் இல்லாத பேர் வெண்ணெய்!

"அறிவிருக்கா இந்த மனுஷனுக்கு!" என்று வாய்விட்டே திட்டினாள். நாக்கில் எச்சில் ஊறியது. தனக்கென்று ஒரு சட்டைகூட எடுக்காதவன், இதை எப்படித்தான் வாங்கினானோ என்று நினைத்ததும் கண்ணிலும் ஊறியது. மூடியை இறுக்கினாள். ஒரு வாழைப்பழம், ரெண்டு மடக்கு வெந்நீர்.

"சாப்பிட்டாச்சாம்மா?" என்றது வயர்லெஸ்.

"ஆச்சு சார். கான்கிரீட் வாளியை மாட்டச் சொல்லுங்க."

ஐந்தரைக்குத்தான் கடைசி வாளி கொட்டியது. பசியோடு ஏணியில் இறங்கி வந்தவளிடம் சூப்பர்வைசர் சொன்னார்: "அடுத்த கட்டடத்துக்கும் மேல நீங்கதாம்மா."

வீட்டில் கணவன் ஆசையாகக் கேட்டான்: "மசியல் எப்படி இருந்துச்சு?"

அவள் பாக்ஸை நீட்டினாள். கனத்தைப் பார்த்ததுமே அவன் முகம் தொங்கிவிட்டது.

"மூஞ்சியைத் தூக்காதீங்க. நாளைக்கு லீவு. மிச்ச வெண்ணெயில சூடா மசிச்சுக் கொண்டாங்க. ஒரு ஸ்பூன்தான்."

கண்ணை மூடிச் சாப்பிட்டாள். "அமிர்தம்ங்க," என்றாள். பொய்யில்லை.

ஞாயிறு விடிந்ததிலிருந்து நாலு தடவை ஓட்டம். நாலாவது தடவை கழிவறையிலிருந்து வெளியே வந்தபோது, கணவன் சாக்பீஸோடு கதவருகே நின்றுகொண்டிருந்தான். 'வம்புக்காரங்க' வரிசையில் 'வெண்ணெய்' என்று எழுதி, அதன் கீழே 'நான்' என்றும் எழுதியிருந்தான்.

"நேத்து அவ்வளவு உசரத்துல அதை நீ சாப்பிட்டிருந்தா..." பொலபொலவென்று அழுதுவிட்டான்.

அவள் சாக்பீஸைப் பிடுங்கினாள். 'நான்' என்பதைக் கையாலேயே அழித்துவிட்டு, 'நல்லவங்க' பக்கம் 'வீட்டுக்காரர்' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, பக்கத்திலேயே 'ஒரு ஸ்பூன்' என்றும் சேர்த்தாள்.

அழுதுகொண்டே அவன் சிரித்தான். அவள் ஐந்தாவது தடவை ஓடினாள்.