முழுச் சம்பளமும் வீட்டுக்கு

1. பாரம்

ஓமான் துறைமுகத்தில் டக் போட்டில் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிற மோட்டார்மேன் வேலை கிடைத்தது. டக் என்பது பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் துறைக்குள் சேர்க்கிற சின்னக் கப்பல். கிளம்புமுன் தூத்துக்குடி ஏஜென்ட் ஆபீசில் அலாட்மென்ட் பாரம் ஒன்றை நீட்டினார்கள். சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு, அங்கே கைச்செலவுக்கு எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். 'முழுவதும் வீட்டுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் பக்கத்துக் கப்பல்காரர்களுக்கு அது ஒரு கெத்து. சம்பளத்தில் கொஞ்சத்தைக் கேப்டனிடம் கேஷ் அட்வான்ஸாக வாங்குகிறவனை, "வீட்டுக்கு அனுப்பாம இங்கனயே திங்கிறவன்" என்று கிண்டலடித்தே கொன்றுவிடுவார்கள்.

அப்படியானால் மெஸ் காசுக்கும் சோப்புக்கும் என்ன வழி? ஊர் பேங்க் கார்டுதான். கையில் மொத்தமாகப் பணம் இருந்தால் ரூமில் யாராவது கடன் கேட்பார்கள் என்று பயந்து, ஏ.டி.எம். மெஷினில் ஐந்து ஐந்து ரியாலாக எடுப்பேன். எடுக்குமுன் பேலன்ஸ் பார்ப்பேன். சம்பளம் ஏறியிருப்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம். 'ரியாலில் கணக்கிடவா, ரூபாயில் கணக்கிடவா' என்று மெஷின் கேட்கும். ரூபாயைத்தான் அழுத்துவேன். அந்நிய ஊரில் நம் ரூபாயைப் பார்த்தால் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும்.

2. பதினெட்டு தடவை

ஆறாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மனைவி செல்வராணி போன் செய்தாள்.

"ஷைனிக்கு நர்சிங் ரெண்டாம் வருச பீஸு, இன்னும் ரெண்டு மாசத்துல கட்டணும். கட்டலைன்னா பரீட்ச எழுத விடமாட்டாவளாம். இப்படியே போனா எட்டாயிரம் குறையும். நீங்க அங்கன என்னதான் செய்யுதிய?"

"என்ன செய்வேன்? வேல செய்யுதேன்."

"போன மாசம் பதினெட்டு தடவ பணம் எடுத்திருக்கிய. பேங்க் மெசேஜா ஏம் போன்ல வந்து விழுது. ஒங்க வீட்டுக்காரரு குடிக்காரான்னு பக்கத்து வீட்டு மதினி கேக்கா."

"ஏளா, மெஸ்ஸு, ரீசார்ஜு, டீ. அவ்வளவுதான்!"

"பதினெட்டு தடவயும் டீதானா?"

போனை வைத்துவிட்டாள். குடிக்காதவனுக்குக் குடிகாரன் பட்டம். அதைவிட, மகளின் படிப்பு நின்றுவிடுமோ என்ற பயம்.

திங்கட்கிழமை அவளே பேங்குக்குப் போய் ஸ்டேட்மென்ட் வாங்கி, வரி வரியாகப் படித்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"இங்கருங்க, நீங்க குடிக்கல. மெஷினுதான் குடிச்சிருக்கு."

ஒவ்வொரு தடவைக்கும் அந்த ஊர் மெஷின்காரனுக்கு ஒரு பங்கு, நம் பேங்குக்கு ஒரு பங்கு, பணம் மாற்றிய கூலி, அதற்கு மேல் வரி.

"பேலன்ஸ் பாக்கதுக்கே காசு புடிச்சிருக்கான். ஏங்கிட்ட கேட்டா சும்மா சொல்லியிருப்பேம்லா? ரூவாய அமுக்காதிய. அத அமுக்குனா மெஷின்காரன் வச்சதுதான் ரேட்டுன்னு கவுண்டர்ல இருந்த பிள்ள சொல்லிச்சு. சம்பளம் அங்கருந்து இங்க வருது, திரும்பவும் அங்க போவுது. போக வர டிக்கெட்டு எடுக்கது நாமதான!"

இத்தனை வருடம் இன்ஜின் ரூமில் ஒரு சொட்டு டீசல் ஒழுகினால் ஓடிப்போய் அடைத்தவன் நான். என் சம்பளம் ஒழுகியதை அவள்தான் கண்டுபிடித்தாள்.

3. குறைக்கச் சொல்லி வந்தவள்

வெட்கத்தை விட்டுக் கேப்டனிடம் போனேன். கொச்சிக்காரர்.

"எடோ, ஆறு மாசமா என்ட அட்வான்ஸ் லிஸ்ட்ல உன் பேர் இல்லை. நீ காத்து குடிச்சு ஜீவிக்கிற ஆளுன்னு நினைச்சு!"

கேஷ் அட்வான்ஸ் ரியாலாகவே கையில் வரும், சம்பளத்தில் கழியும், கூலி ஒன்றும் கிடையாது. ஆனால் அலாட்மென்டைக் குறைத்தால்தான் தர முடியும் என்றார். நான் ஏஜென்டுக்கு எழுதி மெயில் அனுப்பினேன். சும்மா கிடந்துவிடக் கூடாதென்று செல்வராணியும் ஏஜென்ட் ஆபீசுக்கு நேரே போய்விட்டாள். கிளார்க் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாராம்.

"எல்லாரும் கூட்டி அனுப்பச் சொல்லி சண்டைக்கு வருவாவ. கொறைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதாம்மா."

"கொறைச்சே அனுப்புங்க சார். அப்பதான் கையில கூடுதலா நிக்கும்."

அட்வான்ஸ் லிஸ்டில் என் பேரைப் பார்த்ததும், கூட வேலை பார்க்கிற வேம்பார் மிக்கேல் மெஸ்ஸில் கத்தினான்: "அண்ணாச்சியும் திங்க ஆரம்பிச்சாச்சு டோய்!"

"ஆமாலே. நீ ஒன் ஸ்டேட்மென்ட வாங்கிப் பாரு, ஒன் சோத்த யாரு திங்கிறான்னு தெரியும்" என்றேன். அடுத்த மாதம் லிஸ்டில் அவன் பேரும் இருந்தது.

புதிதாக வெளியே போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். கைச்செலவை அந்த ஊர்ப் பணமாகவே அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயே தங்கி வேலை என்றால், அந்த ஊர் பேங்கில் ஒரு கணக்குத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். ஊர் கார்டைப் போட்டே ஆகவேண்டுமென்றால் மாதம் ஒரு தடவை மொத்தமாக எடுங்கள், அந்த நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள்.

கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே பீஸ் கட்டியாயிற்று. ஷைனி பரீட்சை எழுதினாள். இப்போது அவள் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அந்த ஆறு மாதமும் வீட்டுக்காக நான் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் அனுப்பினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாரம் நிரப்பிய அன்றைக்கு, "அங்க சாப்பிட எவ்வளவு வேணும்?" என்று ஒரு வார்த்தை செல்வராணியைக் கேட்க விட்டிருந்தால் போதும், அந்தக் காசு ஒழுகியிருக்காது.